முருகன் காசின் முதுகு

எங்கள் வீட்டு முருகனுக்குத் தலைக்கு மேலே இரண்டு ஓட்டைகள் உண்டு. ஊசி நுழையும் அளவு, பக்கத்தில் பக்கத்தில். அவற்றில் மஞ்சள் நூலைக் கோத்து, வருகிற மருமகள்களின் கழுத்தில் அவரைத் தொங்கவிடுவது வழக்கம். அவர் ஒரு தங்கக் காசு. இன்றைய ஒரு ரூபாய் அளவு, அதைவிட மெல்லிசு. வெயிலில் பிடித்தால் பூவரசம்பூ நிறம், விளக்கடியில் நெய் நிறம்.

சற்றே பக்கவாட்டில் திரும்பிய உருண்டை முகம். தலைக்கு மேல் மயிலிறகு. தோளில் சாய்த்த வேல். இடப்பக்கம் கேடயம், அந்தக் கேடயத்துக்குள் குதிரைமேல் ஒருவன் கீழே கிடப்பவனைக் குத்துகிறான். சூரசம்ஹாரம் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முருகன் எப்போது மயிலைவிட்டுக் குதிரை ஏறினார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஓரத்தில் எறும்புத்தடம்போல் தேய்ந்த எழுத்துகள். உற்றுப் பார்த்தால் அதில் இங்கிலீஷ் ‘என்’ ஒன்றும் ‘பி’ ஒன்றும் தெரியும். அதற்கும் என் கணவரிடம் விளக்கம் இருந்தது. “வெள்ளக்காரன் எவனோ பழனிக்கு வந்து வேண்டிக்கிட்டு அடிச்சிருப்பான்.”

கிணறு வெட்டும்போது கிடைத்தது என்பார்கள். கம்பு வண்டியோடு சந்தைக்குப் போனவர் கொண்டுவந்தது என்றும் சொல்வார்கள். எனக்கு அது வானத்திலிருந்து விழுந்திருந்தாலும் சம்மதம்தான்.

காசுக்கு ஒரே ஒரு சட்டம். அதன் பின்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. நூல் கட்டும்போதும், அவிழ்க்கும்போதும், சந்தனப் பெட்டியில் வைக்கும்போதும் முகம் மேலேயே இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் காவல் என் கணவரின் அக்கா, என் மதினி. எங்கள் வீட்டில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். காசைக் கட்டுகிற உரிமை இந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு மட்டும்தான். தாலி கட்டி வருகிற மருமகளை நிலைப்படியில் நிறுத்தி, நாத்தனார் காசைக் கட்டிய பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். அடுத்து வருகிற கிருத்திகைவரை கழுத்தில் இருக்கும். பிறகு மதினி வீட்டுப் பெட்டிக்குப் போய்விடும், அடுத்த மருமகள் வரும்வரை.

நான் வந்து நின்ற அன்று மதினி நூலை முடிந்துகொண்டே காதோடு சொன்னார். “பழனி ஆண்டவன் கோவிச்சுக்கிட்டு மலையேறினவரு. அவரு முதுகைக் காட்டுனா வீட்ட விட்டுப் போறாருன்னு அர்த்தம். நீ பாட்டுக்குத் திருப்பிப் பாத்துராத, ஆமா.”

கன்னிவாடியில் மலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். குஜிலியம்பாறையில் வானத்தைப் பார்த்து வாழ வந்தேன். மழையை நம்பிய காடு, மழையை நம்பிய மாடு, மழையை நம்பிய மனிதர்கள். எனக்கோ ஓரிடத்தில் நிற்காத கால், ஓரிடத்தில் நிற்காத கண். பார்க்காதே என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்து, குளவிபோல் சுற்றிச் சுற்றி மண் கட்டியது. இருபது நாட்கள் அந்தக் காசு என் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. முகம் ஊருக்கு, முதுகு எனக்கு. என் நெஞ்சுக்கும் முருகனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் திருப்பவில்லை. புதுப்பெண் பயம்.

கிருத்திகை அன்று காலை மதினி வந்து நூலை அவிழ்த்துக்கொண்டு போனார். குளிக்கப் போனவள், ரசம் போன கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தேன். பாயில் படுத்து எழுந்த கன்னத்தில் கோரை பதிந்திருப்பதுபோல, என் நெஞ்சில் காசின் முதுகு பதிந்திருந்தது. வட்டத்துக்குள் நெட்டாக ஒரு கோடு, அதன் தலைப்பக்கத்தில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. பக்கத்தில் ஒல்லியாக யாரோ. அந்த யாருக்கோ முதுகில் முறம்போல் ஏதோ விரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றிய பின் பார்த்தேன், தோல் அதை விழுங்கிவிட்டிருந்தது.

கணவரிடம் மட்டும் சொன்னேன். பயந்து பயந்து, சட்டத்தை மீறிவிட்டேனோ என்று. அவர் யோசிப்பதுபோல் நடித்தார். “அக்கா பாக்கக் கூடாதுன்னது காசோட முதுக. ஒன்னைய இல்ல.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காசு பெட்டிக்குள், அடையாளம் எனக்குள்.

வருடங்கள் எங்கள் காட்டுச் சோளம்போல் சில நன்றாகவும் சில மணி பிடிக்காத சாவியாகவும் விளைந்தன. என் மகன் வளர்ந்து காந்திகிராமத்தில் படிக்கப் போனான். படிப்போடு ஒரு பெண்ணின் பெயரையும் கற்றுக்கொண்டு வந்தான். திண்டுக்கல் டவுன் பெண், கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூட டீச்சர், தனியாளாக வளர்த்தவர். வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்தப் பெண் அடுப்படியில் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “அத்தை, இந்தக் கத்திரிக்கா வெஞ்சனத்துக்கு என்ன போட்டீங்க, இம்புட்டு ருசி?” என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது. ருசிக்காக இல்லை. கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் கரண்டியை எடுத்துத் தானே கிண்டினாளே, அதற்காக.

மதம் பெரிய மலையாக வந்து நிற்கும் என்று நினைத்தேன். அது நிற்கவில்லை. டீச்சர் மாதா கோயிலில் பூசையோடு தாலி என்றார். மதினி, “அங்கயும் தாலிதான கட்டுறாக, நல்லதாப் போச்சு” என்றார். மலையெல்லாம் ஒதுங்கி வழிவிட்ட இடத்தில், ஒரு ரூபாய் அளவு காசு வந்து குறுக்கே நின்றது.

“என் பொண்ணு கழுத்துல சிலுவை போட்ட தாலி கிடக்கும். அதோட சேத்து முருகனக் கட்ட எனக்கு மனசு ஒப்பல. தப்பா நினைக்காதீங்க.” இது டீச்சர், போனில்.

“காசு கட்டாம ஒரு பொண்ணும் இந்த நிலைப்படியத் தாண்டுனதில்ல. எந் தம்பி மகன் பொண்டாட்டிக்கு மட்டும் புதுச் சட்டமா?” இது மதினி, நேரில்.

மகன் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு மெலிந்துபோனான். அந்தப் பெண் என்னிடம் தெளிவாகச் சொன்னாள். “எங்கம்மா தனியா நின்னு என்னை வளத்தாங்க அத்தை. பெரியத்தைக்கு இவரு பிள்ளை மாதிரி. இதுல ஒருத்தர அழவெச்சுட்டு நடக்கிற கல்யாணம் எங்களுக்கு வேணாம். ரெண்டு பேரும் சரின்னு சொல்றவரைக்கும் காத்திருக்கோம். சொல்லாமயே போனா, அதோட இருக்கட்டும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அதன்பிறகு என் கால் வீட்டில் நிற்கவில்லை. குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்கு எத்தனை முறை பஸ் ஏறினேன் என்று கண்டக்டருக்குத்தான் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, வறண்ட காட்டில் ஓடும் வேலிமுள்ளைப் பார்த்துக்கொண்டே என் நெஞ்சைத் தடவிக்கொள்வேன். நெட்டுக்கோடு, குறுக்குக்கோடு. எனக்குத் தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. மதினியிடம் போய், “உங்க முருகன் முதுகுல சிலுவை இருக்கு” என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் டீச்சரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருந்தேன். அவர் வீட்டில் திருத்துவதற்கு அடுக்கிய நோட்டுகளில் எதை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார். “முன்பக்கம் எல்லாப் பிள்ளையும் நல்லாத்தான் எழுதும். பின்னாடிதான் அது யாருன்னு தெரியும்” என்று ஒருமுறை சொன்னார். கடிதம், கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, எதுவானாலும் கையில் வந்ததும் திரும்பிவிடும்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மகளோடு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். கடைசியாக ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்று. மதினியிடம் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னேன். பேச்சு பழைய இடத்திலேயே சுற்றியது. இருவரும் மரியாதை குறையாமல், ஒருவருக்கொருவர் இலையில் சோறு வைத்துக்கொண்டே மறுத்தார்கள். கை கழுவி உட்கார்ந்ததும் நான் சொன்னேன்.

“மதினி, டீச்சர் இன்னும் காசக் கண்ணாலகூடப் பாக்கல. கையில குடுங்க, செத்த நேரம் பாக்கட்டும்.”

மதினி துணியைப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார். சட்டத்தைச் சொல்ல வாய் திறப்பதற்குள், நோட்டைத் திருப்புகிற அதே விரல் காசைத் திருப்பிவிட்டது.

மதினி கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். என் கணவர் விட்டத்தைப் பார்த்தார். நான் பார்த்தேன். என் நெஞ்சில் ஒருநாள் குடியிருந்தவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். மார்புக்குக் கீழே இறுக்கிக் கட்டிய நீள அங்கி. முதுகில் இறக்கை. முன்னால் நீட்டிய கையில், தன் உயரத்துக்கு ஒரு சிலுவை. பக்கத்தில் ஒரே ஒரு நட்சத்திரம்.

“சம்மனசு,” என்றார் டீச்சர், மெதுவாக. தேவதூதரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு மகளைக் கூப்பிட்டார். “ஏய், இங்க வந்து பாரு. சிலுவையத் தூக்கிட்டு நிக்கிற சம்மனசு. உம் போன எடு. ரெண்டு பக்கமும் படம் எடு.”

மதினி கண்ணைப் பொத்தியபடியே கேட்டார். “டீச்சரம்மா, என்ன சொல்றீங்க? எங்க இருக்கு சிலுவ?”

“உங்க முருகனுக்குப் பின்னாடிங்க.”

“எம் முருகன் முதுகுலயா?”

“ஆமாக்கா. வேணும்னா பாருங்களேன்.”

“நான் ஏன் பாக்கணும்?” மதினி ஒற்றைக் கையை நீட்டி, தடவித் தடவிக் காசை வாங்கி, விரலாலேயே எந்தப் பக்கம் முகம் என்று கண்டுபிடித்து, துணியில் சுற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். எழுந்து தன் வீட்டுக்குப் போனார். பெட்டியும் போனது.

டீச்சர் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். சம்மனசு இருக்கும்போது அவருக்கு என்ன குறை? ஆனால் தராசின் அந்தத் தட்டு இறங்கியதும் இந்தத் தட்டு ஏறிவிட்டது. மறுநாள் நான் போனபோது மதினி முகம் கொடுக்கவில்லை.

“இனிமே இத யாரு கழுத்துலயும் கட்ட மாட்டேன்.”

“ஏன் மதினி?”

“எத்தன வருசமா அவருகிட்ட என்னென்ன பேசிருக்கேன் தெரியுமா? வீட்டுக்காரரப் பத்தி, ஒன்னையப் பத்தி. அம்புட்டையும் பின்னால நின்னு வேற ஆளு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.” கண் கலங்கியிருந்தது. எனக்கோ சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. என்னைப் பற்றி என்ன பேசினார் என்று கேட்கவும் தைரியமில்லை.

கல்யாணம் மறுபடி நின்றது, இம்முறை என் கைவேலையால். படங்களைப் போனில் வாங்கிக்கொண்டு, திண்டுக்கல்லில் கல்லூரியில் வரலாறு நடத்தும் என் பழைய தோழியைத் தேடிப் போனேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது ரோமாபுரிக் காசுடி. ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு மேல இருக்கும். இவரு முருகன் இல்ல, ராசா. மயிலிறகுன்னியே, அது தலைக்கவசத்துக் குஞ்சம்.”

“வேல்?”

“ஈட்டி.”

“சரி, அந்தச் சம்மனசு?”

“சம்மனசும் இல்ல. அவ அவங்களோட பழைய தெய்வம். போர்ல ஜெயிச்சுக் குடுக்கிறவ. ராசாமாரு கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினாங்க, ஆனா காசுலருந்து அவள எறக்க மனசு வரல. கையில சிலுவையக் குடுத்து நிக்க வெச்சுட்டாங்க. பின்னால வந்தவங்கதான் அவ இடத்துல ஆம்பளச் சம்மனச அடிச்சாங்க. உன் காசுல இருக்கிறது அதுக்கு முந்தி. பாதி வழியில நிக்கிறா.” பிறகு தலைக்கு மேலிருந்த இரண்டு ஓட்டைகளைத் தொட்டுக் காட்டினாள். “நம்ம பக்கத்துல கிடைச்ச காசுகள்ல இப்படி நெறைய உண்டு. முகம் வெளிய தெரியுறாப்பலதான் ஓட்ட போடுவாங்க. உங்க மதினிக்கு முந்தியே அந்தப் பழக்கம் இருந்திருக்கு.”

திரும்பும் பஸ்ஸில் மடியில் தலைகீழாகக் கிடந்தது உலகம். முருகனும் இல்லை, சம்மனசும் இல்லை. எங்கோ ஒரு ராசா, எங்கோ ஒரு தெய்வம். கடல் தாண்டி, மிளகுக்கோ துணிக்கோ கைமாறி, ஓட்டை வாங்கி, மஞ்சள் நூல் வாங்கி, என் நெஞ்சில் வந்து படுத்திருந்தவள் பாதி வழியில் நிற்பவள். என்னைப்போல. கன்னிவாடிக்கும் குஜிலியம்பாறைக்கும் நடுவே இன்னும் பஸ்ஸில் இருப்பவளைப்போல. பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குள் ஏனோ ஒரு குதூகலம், சோளக்கதிருக்குள் காற்று புகுந்ததுபோல.

சொல்லாமல் விட்டிருக்கலாம். டீச்சரின் சம்மதம் சம்மனசின்மேல் நிற்கிறது. சொன்னால் அதுவும் சரியும். ஆனால் பொய்யின்மேல் மருமகளை ஏற்றி நிறுத்த எனக்குப் பிடிக்கவில்லை. டீச்சரை வரவழைத்து, கையோடு மதினி வீட்டுக்கு அழைத்துப் போனேன். மதினி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். டீச்சர் கேட்காமலே எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஒரே மூச்சில்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு புதுக் கொத்தை எடுத்தார்கள்.

“ராசான்னா சொன்னா ஒஞ் சேக்காளி?” என்றார் மதினி.

“ஆமா மதினி.”

“நான் இம்புட்டு வருசமா முருகா முருகான்னு கூப்புட்டேன். நான் ராசா, முருகன் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னாரா? சும்மாதான இருந்தாரு? அப்ப ஒத்துக்கிட்டாருன்னுதான அர்த்தம்.” ஒரு குச்சியைத் தூர எறிந்தார். “பின்னால நிக்கிறவ யாருன்ன?”

“போர்ல ஜெயிச்சுக் குடுக்கிற பொம்பளத் தெய்வமாம்.”

மதினியின் கை நின்றது. வானத்தைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல, அடிவாரத்தில் வெயில் ஏறுவதுபோல், தெளிந்துகொண்டு வந்தது.

“கொற்றவையில்ல அது? கோவிச்சுக்கிட்டு மலையேறின கிறுக்குப் பயலுக்குப் பின்னால வேற யாரு வந்து நிப்பா? அவன் ஆத்தாதான் நிப்பா. ஆத்தா கேக்காததையா நான் அவங்கிட்ட சொல்லிட்டேன்?”

நான் பயந்துகொண்டே டீச்சர் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தில் திருத்தாத நோட்டைப் பார்க்கும் யோசனை. “பழைய தெய்வமா?” என்று இழுத்தார். ஒரு கொத்து முழுவதையும் உருவி முடித்தார். எனக்கு அது ஒரு மாமரம் அளவுக்குப் பெரிய கொத்தாகத் தெரிந்தது. “சிலுவைய எப்பிடிப் பிடிச்சிருக்கா?”

“கெட்டியா. தன் உயரத்துக்கு.”

“சம்மனசா மாறுறது பின்னாடிதானே? மாறட்டும், என்ன அவசரம். ஒன்னாப்புல வந்து சேர்ற பிள்ள அன்னிக்கேவா எழுதிருது? பென்சிலப் பிடிச்சா சேத்துக்குவேன். இவ சிலுவையப் பிடிச்சிருக்கா.” கீரைத் தட்டை மதினி பக்கம் நகர்த்தினார். “ஆனா ஒண்ணு சம்பந்தியம்மா. அந்தப் பக்கம் எம் மக நெஞ்சுல பட்டாப்லதான் இருக்கணும். திருப்பிக் கட்டிராதீங்க.”

“நான் ஏன் திருப்புறேன்? எங்க சட்டமே அதான.”

ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் ஒரே பக்கமாகக் கட்டச் சொன்னார்கள். மதினி அன்று கீரையைக் கடைந்து, டீச்சருக்கு ஒரு தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார்.

திண்டுக்கல்லில் பூசையோடு கல்யாணம் நடந்தது. மதினி முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் எழுந்தபோது எழுந்து, எல்லோரும் உட்காருவதற்கு ஒரு நொடி முந்தியே முழங்கால்வலி என்று சொல்லி உட்கார்ந்தார். மத்தியானம் வேனில் ஊர் வந்து சேர்ந்தோம். நிலைப்படியில் மருமகள் நின்றாள், தாலியில் சிலுவையோடு. மதினி காசைக் கட்டினார். டீச்சர் பின்னால் நின்று மகளின் கூந்தலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார், முடிச்சில் முடி சிக்காமல். முகம் ஊருக்கு, முதுகு அவளுக்கு. குலவைச் சத்தத்தில் பக்கத்துக் காட்டு மயில்கள் எதிர்க்குரல் கொடுத்தன. “பாத்தியா, யாருன்னு அதுகளுக்குத் தெரியும்,” என்றார் மதினி.

கிருத்திகை வந்தது. காலையில் மதினி வந்து, மருமகளின் மேல்துணியை மூடிப் பிடித்துக்கொண்டு நூலை அவிழ்த்து, முகம் மேலே இருக்க, துணியில் சுற்றினார். பெட்டியை மூடும் நேரத்தில் மருமகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அறையின் புதுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கழுத்துக்குக் கீழே காட்டினாள்.

“அத்தை, பாருங்களேன், என்னமோ பதிஞ்சிருக்கு.”

பார்த்தேன். நெட்டுக்கோடு, குறுக்குக்கோடு, இறக்கை. எனக்கு விழுந்ததைவிடத் தெளிவாக. இத்தனை வருடம் கழித்து என் சேக்காளியை வேறொரு வீட்டில் பார்த்ததுபோல் இருந்தது. உடனே வாசலுக்கு ஓடி மதினியைக் கூப்பிட்டேன்.

“மதினி, சட்டம் காசோட முதுகுக்குத்தான? பிள்ளைக்கு இல்லையே?”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, சேலைத் தலைப்பில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மருமகளின் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். குனிந்தார். பிள்ளைகளின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் ஒரு விரலால் அந்த இறக்கையைத் தொட்டார். மருமகள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

“ஆடாம நில்லு ஆத்தா, மறைஞ்சிரப் போகுது,” என்றார் மதினி. யாரிடம் சொன்னார் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இரண்டு பேருமே ஆடாமல் நின்றார்கள்.